காரணத்துக்கு மூன்று கோடு

பட்டியலில் எல்லாம் இருக்கிறது.
அப்பாவின் வருமானம் இடது ஓரம்,
அம்மாவின் வருமானம் மேலே,
இரண்டும் முட்டுகிற கட்டத்தில்
பிள்ளையின் ஒரு மாதம்:
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

அதுவே சரியென்று எடுத்துக்கொள்கிறது சட்டம்.
இல்லை என்பவர் எழுந்து நின்று காட்ட வேண்டும்.

இன்று இரண்டு பேருமே எழுந்தார்கள்.
நான் சுருக்கெழுத்தர்.
மெய்ன் கடலோரத்தில் ஒரு சின்ன நீதிமன்றம்,
ஹீட்டர் தட்டுகிற சத்தம் தவிர
எல்லாவற்றையும் பதிகிறேன்.

ஆரின் திபதோ சிங்கி இறால் பிடிக்கிறவன்.
ஜூன் தொடங்கி நவம்பர் வரை கடல் கூலி கொடுக்கும்.
டிசம்பரில் பொறிகளை முற்றத்தில் அடுக்கிவிட்டால்
பனி அள்ளக் கூப்பிட்டால் உண்டு,
இல்லாவிட்டால் இல்லை.
பட்டியல் அதைப் பன்னிரண்டால் வகுத்து
ஜனவரியிலும் அவனைக் கடலுக்கு அனுப்பிவைத்திருந்தது.

காது கேளாதோர் பள்ளி நூற்று நாற்பது மைல்.
ஞாயிறு கொண்டுபோய் விடுகிறான்,
வெள்ளி போய்க் கூட்டிவருகிறான்.
ஒரு தூண்டில் டப்பா நிறைய பெட்ரோல் ரசீதுகள்;
சான்றாவணம் நான்கு
அறை முழுக்க மீன் வாடை அடித்தது.
குறைக்க வேண்டும் என்றான்.

கொரின் பெல்கி கூட்ட வேண்டும் என்றாள்.
முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் சலவை வேலை.
மகள் டெசாவின் காதுக்கருவி
கோடை முகாமில் ஏரிக்குள் போய்விட்டது.
ஐந்து வருஷத்துக்கு ஒன்றுதான் என்கிறது காப்பீடு.
அப்புறம் புதன்கிழமை சைகைமொழி வகுப்பு.
“அது தாயின் செலவு, பிள்ளையின் செலவல்ல”
என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
“என் மகளோடு பேச நான் பணம் கட்டுகிறேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதட்டும், ஐயா?”

நீதிபதி ஹாஸ்கெல் வக்கீல்களைத் தாண்டி
அவனிடம் கேட்டார்:
காரில் இரண்டரை மணி நேரம்.
என்ன பேசிக்கொள்வீர்கள்?

இருட்டிவிடும் என்றான்.
இருட்டில் அவளுக்கு என் கை தெரியாது.
உள்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவேன்.
ஒரு கை ஸ்டீயரிங்கில்.
அவனுடைய வக்கீலே முகம் சுளித்தார்.
இன்னொரு கை என்ன சொல்லும் என்பதை
அவன் தூக்கிக் காட்டினான்,
கயிறு அறுத்த தழும்போடு.

நான் பதிந்தது இவ்வளவு:
சாட்சி கையை அசைக்கிறார்.

எதிர்மேசையில் கொரின்
கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

இரக்கத்தைக் காரணமாகக் காட்ட முடியாது.
எழுதாத காரணமும் செல்லாது.
போன வருஷம் ‘சூழ்நிலையைக் கருதி’ என்று
இரண்டே சொல்லில் முடித்த தீர்ப்பொன்றை
மேல்மன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.
என்ன சூழ்நிலை, யார் கருதியது,
பட்டியலின் தொகை ஏன் நியாயமில்லை,
விலகுவது பிள்ளைக்கு எப்படி நல்லது?
படிவத்தில் இதற்கு மூன்று கோடு போட்டிருக்கிறார்கள்.
ஹாஸ்கெல் தனித்தாள் கேட்டார்.

பயணத்துக்கு நூற்றுப் பதினெட்டு கழித்தார்.
கருவிக்குத் தொண்ணூற்றைந்து கூட்டினார்.
வகுப்புக்கு நாற்பது.
அதற்குமட்டும் ஒரு முழுப் பத்தி எழுதினார்,
இரண்டு தடவை அடித்து.
கடைசியில் அறுநூற்று இருபத்தொன்பது.
பட்டியலைவிடப் பதினேழு டாலர் அதிகம்.
அதையும் கடலைப் பார்த்துப் பிரித்தார்:
இறால் இருக்கும் ஆறு மாதம் எண்ணூற்று நாற்பது,
இல்லாத ஆறு மாதம் நானூற்றுப் பதினெட்டு.

பதினேழு டாலருக்கு ஒரு முழு நாள்.
வக்கீல்களின் கால் மணி நேரம் அதைவிட விலை.
இருவருமே தோற்றவர்கள் போலத்தான் வெளியே போனார்கள்.
கருவியின் ஒயருக்குக்கூட இது காணாதென்று
கொரின் நடைபாதையில் சொன்னது
என் பதிவுக்கு வெளியே.

இரவு பிரதியைச் சரிபார்க்கிறேன்.
நாற்பத்தோராம் பக்கம், ஒன்பதாம் வரி.
சாட்சி கையை அசைக்கிறார்.
பிழையில்லை. முழுமையும் இல்லை.
திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும்.
விளக்கடியில் என் கையைத் தூக்கி
அவன் காட்டியது போலவே வைத்துப் பார்க்கிறேன்.
கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா
என்று நினைவில்லை.